பிரான்ஸில் ஆற்றோரமாக நான்கு நாள் நடை: முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு பதில்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 61, மனைவிக்கு 57. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்போம், ஆனால் மலையேறிப் பழக்கமில்லை. மனைவிக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். மே மாதம் பாரிஸ் போகிறோம். அதில் நான்கு நாட்களை ஒரு கிராமத்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்து கழிக்க ஆசை. அங்கே கார் ஓட்டும் உத்தேசம் இல்லை. இருவரும் சைவம். எந்தப் பகுதிக்குப் போகலாம்? மொழி தெரியாமல் வழி தவறிவிட மாட்டோமா?

பதில்: உங்களுக்கு நான் சொல்வது தென்மேற்கு பிரான்ஸின் லொத் பள்ளத்தாக்கு. அதிலும் காஓர் நகரத்துக்கும் சேன்-சிர்க்-லாபோபி கிராமத்துக்கும் இடைப்பட்ட பகுதி. பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காஓருக்கு நேரடி ரயில் உண்டு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். துலூஸ் வழியாக வந்தால், அங்கிருந்து காஓர் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். காஓரிலிருந்து ஃபிஜாக் நகரம் வரை ஆற்றை ஒட்டியே அரசுப் பேருந்து போகிறது. கார் இல்லாதவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. ஞாயிறு, விடுமுறை நாட்களில் வண்டிகள் குறைவு என்பதால் அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இடத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றதும் எல்லாப் பாதையும் சமதளம் என்று நினைத்துவிடுகிறோம். லொத் ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கீழே ஆறும் வயலும் வால்நட் தோப்பும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. அதற்கு மேலே 'கோஸ்' என்று அவர்கள் சொல்லும் வறண்ட பீடபூமி. ஆற்றிலிருந்து அந்த மேட்டுக்கு 150 முதல் 200 மீட்டர் ஏற வேண்டும். பாதையின் மொத்த நீளம் எட்டு கிலோமீட்டர்தான் என்று போட்டிருக்கும், ஆனால் அது இரண்டு முறை மேலே ஏறி இறங்கினால் உங்கள் மனைவியின் முழங்கால் அன்றே மறுத்துவிடும். ஆகவே நீளத்தைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், மொத்த ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். பாதைக் குறிப்புகளில் அதையும் மீட்டரில் கொடுத்திருப்பார்கள். 100 மீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் யோசியுங்கள். நேரக் கணக்குக்கு, மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வரைபடம் வாங்குவதானால் பிரான்ஸ் அரசின் ஐ.ஜி.என். நிறுவனம் போடும் 1:25,000 அளவு வரைபடமே போதும். ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அதில் உள்ள மெல்லிய பழுப்புக் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை. உங்கள் பாதை அந்தக் கோடுகளுக்கு இணையாகப் போனால் சமதளம். நெருக்கமான கோடுகளை வெட்டிக்கொண்டு போனால் செங்குத்து. இந்த ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே நிறுவனத்தின் செயலியில் வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பாறைகளுக்கு நடுவே சிக்னல் போய்விடும், அங்கே போய்த் தேட முடியாது.

ஏற்ற இறக்கம் பற்றியே இன்னொரு எச்சரிக்கையும். பக்கத்தில் செலே என்ற சிறிய ஆறு லொத்தில் வந்து கலக்கிறது. அதன் பள்ளத்தாக்கு மிக அழகு. அமைதியான இடம் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையின் ஒரு கிளை, ஜி.ஆர். 651, அதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் அந்தப் பாதை ஆற்றோரமாகவே போவதில்லை. மேட்டில் ஏறி, அடுத்த கிராமத்துக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

சரி, நான்கு நாளை எப்படிப் பிரிக்கலாம்? தினமும் பையைச் சுமந்து ஊர் மாற வேண்டாம். காஓரில் இரண்டு இரவு, பூஸியெஸ் கிராமம் அல்லது சேன்-சிர்க்-லாபோபி பக்கம் இரண்டு இரவு என்று தங்குங்கள். காஓர் ஆற்றின் ஒரு பெரிய வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். மூன்று பக்கமும் தண்ணீர். கரையோரமாக நடந்தால் 14ஆம் நூற்றாண்டின் வாலாந்த்ரே பாலம் வரும், மூன்று கோபுரங்களோடு. அதைக் கடந்து அக்கரையில் கொஞ்சம் நடந்தால் பாறையடியில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய ஊற்று. ஊருக்குக் குடிநீர் தருவதே அதுதான். வந்த அன்று கால் பழக இது போதும். பாலத்தையும் ஊரையும் மேலிருந்து பார்க்க காஓரை ஒட்டிய சேன்-சிர் குன்றில் (சேன்-சிர்க் கிராமம் வேறு) ஏறச் சொல்வார்கள். காட்சி பிரமாதம்தான், ஆனால் பாதை செங்குத்து. உங்களுக்கு அது டாக்ஸியில் போய்ப் பார்க்கும் இடம்.

இந்தப் பயணத்தின் முக்கியமான நடை பூஸியெஸிலிருந்து சேன்-சிர்க்-லாபோபி வரை, ஆற்றின் இடது கரையில். ஒரு வழி நான்கு கிலோமீட்டர் சொச்சம். முன்பு ஒயின் பீப்பாய் ஏற்றிய படகுகள் இந்த ஆற்றில் போர்தோ பக்கம் போய்வந்தன. திரும்பும்போது எதிர்நீச்சல். கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். இங்கே பாறை நேரே தண்ணீரில் இறங்குவதால் நடக்கக் கரையே இல்லை. அதனால் 1840களில் பாறையின் அடியைக் குடைந்து பாதை வெட்டினார்கள். தலைக்கு மேல் பாறைக் கூரை, பக்கத்தில் ஆறு. இழுப்பவர்கள் நடந்த பாதை என்பதால் தரை மட்டமாகவே இருக்கிறது. பாறைச் சுவரில் மீன், சிப்பி உருவங்களை நம் காலத்துச் சிற்பி ஒருவர் செதுக்கியிருக்கிறார். தொட்டுப் பார்க்காமல் யாரும் கடந்து போவதில்லை. ரயில் வந்ததும் படகுகள் ஓய்ந்துபோயின, பாதை மட்டும் நடப்பவர்களுக்கு மிஞ்சியது.

ஒன்றே ஒன்று: கல் உதிரும் அபாயம் இருந்தால், ஆறு பெருகினால், இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் காஓரிலோ சேன்-சிர்க்கிலோ உள்ள சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்தத் திசையில் நடப்பது என்பதில்தான் முழங்கால் கணக்கு இருக்கிறது. சேன்-சிர்க் ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் தொங்கும் ஊர். எப்படிப் போனாலும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் உண்டு. பூஸியெஸில் தொடங்கினால் சமதளத்தை முதலில் முடித்து, கல் நிறைந்த செங்குத்துப் பாதையை ஏற்றமாக வைத்துக்கொள்ளலாம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முழங்கால் அவ்வளவாகப் படுவதில்லை. இறங்குவதற்கு தார்ச்சாலை இருக்கிறது. சரிவு குறைவு. கார்கள் வரும், அதனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கீழே பாலத்தைத் தாண்டினால் தூர்-த-ஃபோர் கிராமம், அங்கே காஓர் பேருந்து நிற்கும். ஆளுக்கு இரண்டு நடைக்கம்பு கட்டாயம். ஊருக்குள்ளேயே கல் பாவிய சந்துகள் நல்ல சரிவு, மழை பெய்தால் வழுக்கும். ஒருகாலத்தில் மரம் கடைந்து பீப்பாய்க் குழாய் செய்தவர்கள் வாழ்ந்த ஊர் அது. கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950களின் தொடக்கத்தில் வீடு வாங்கிய பிறகு பேர் பெற்றுவிட்டது. நண்பகலில் கூட்டம் நெரியும். பத்து மணிக்குள் மேலே போய்விடுவது நல்லது.

ஒரு நாளை பெஷ் மெர்ல் குகைக்கு ஒதுக்குங்கள். காப்ரரே கிராமத்துக்கு மேலே இருக்கிறது. 1922ல் உள்ளூர்ப் பையன்கள் கண்டுபிடித்தது. சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முந்தைய புள்ளிக் குதிரைகளும் கைத்தடங்களும் நகல் அல்ல, அசலாகவே பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருப்பதால் முன்பதிவு அவசியம். உள்ளே குளிர், மேல்சட்டை வேண்டும். அங்கே நடந்து போகாதீர்கள், சாலையோரம் நடைபாதை கிடையாது. டாக்ஸி சொல்லுங்கள், அதையும் முதல் நாளே.

வழி தவறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொழி தேவையில்லை, வண்ணம் தெரிந்தால் போதும். மரத்திலும் கல்லிலும் மின்கம்பத்திலும் பட்டை தீட்டியிருப்பார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர். எனப்படும் நெடும்பாதை. ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் அரைநாள், ஒருநாள் உள்ளூர்ப் பாதை. உங்களுக்கு உரியது பெரும்பாலும் இதுதான். பட்டைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொருள். கால் மணி நேரம் நடந்தும் ஒரு குறிகூடக் கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். முன்னே போய்த் தேடுவதில்தான் ஆட்கள் தொலைகிறார்கள். மே மாதம் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், பதற வேண்டாம். அவசரத்துக்கு 112.

சாப்பாடு, உண்மையைச் சொன்னால், வழியைவிடச் சிரமம். வாத்து இறைச்சிக்குப் பேர்போன ஊர்கள் இவை. வெறும் சாலட் என்று சொன்னால்கூட வாத்தின் இரைப்பைத் துண்டுகளோடு வரும். சைவம் என்று சொன்னாலும் சிலர் மீன் கொண்டுவருவார்கள். தங்குமிடத்தில் இரவு உணவு சேர்த்துப் பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன் இரண்டும் கூடாது, முட்டை கூடுமா கூடாதா என்று எழுதி அனுப்பிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் நன்றாகவே செய்து தருகிறார்கள். ரொக்கமதூர் என்ற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸ் இந்தப் பகுதியின் பெருமை. ஆனால் இத்தகைய பாரம்பரிய சீஸ்களுக்குப் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். கண்டிப்பான சைவம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். காஓரில் புதன், சனிக்கிழமை காலைகளில் தேவாலயத்துக்கு முன்னே சந்தை கூடும். ரொட்டி, பழம், வால்நட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் மதியம் யாரையும் நம்ப வேண்டியதில்லை. கிராமங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும், ஞாயிறு மாலையும் திங்களும் கடைகளே பூட்டியிருக்கும். பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துப் போவதில் வெட்கமே வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். சுண்ணாம்புத் தரை மழையை உள்ளே இழுத்துவிடுவதால் மேட்டில் ஓடை கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி உண்டு. முழுநீளக் கால்சட்டை போட்டு, இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். உண்ணி எடுக்கும் சிறு கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும்.

மே 1, மே 8, அப்புறம் கிறிஸ்து விண்ணேற்ற வியாழன் என்று அந்த மாதத்தில் விடுமுறைகள் வரிசையாக வரும். பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளிக்கிழமையையும் சேர்த்து நான்கு நாள் ஆக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த வாரங்களைத் தவிர்த்து, மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காஓரில் இறங்குவதுபோல டிக்கெட் போடுங்கள். மறுநாள் காலை சந்தையும் கிடைத்துவிடும்.