வாசகர் கேள்வி – பதில்: பபிள் டீ கடை வேலை

கேள்வி: பபிள் டீ கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி மிஞ்சும் போபாவைக் கொட்டினால், அந்தக் காசை எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இது சரியா?
– வாசகி, கீழக்கரை

பதில்: சரியே இல்லை. போபா என்பது மரவள்ளி மாவு உருண்டை. வெந்து இறக்கிய நாலு மணி நேரம்தான் அதற்கு மெதுமெதுப்பு. பிறகு நடுவில் இறுகும், மேலே கொழகொழக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கல்லாகும். ஆக, மிஞ்சியதைக் கொட்டுவது சரக்கின் குணம். அளவைத் தீர்மானிப்பது மேனேஜர் என்றால் மிச்சத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

சேதத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்க, அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். பிடிக்குமுன் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை கிராம் வேகப்போட்டோம், யார் சொல்லி, எவ்வளவு கொட்டினோம் என்று எழுதி மேனேஜரிடம் கையெழுத்துக் கேளுங்கள். போட மாட்டேன் என்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; தேதியும் நேரமும் பதிவாகிவிடும்.

சாயங்காலத்துக்கு மேல் ஒரு கிலோவை மொத்தமாகப் போட விடாதீர்கள், 250 கிராம் போதும். அதற்கு 2 லிட்டர் தண்ணீர். தளதளவெனக் கொதித்த பிறகே போட வேண்டும். முன்னாடியே போட்டால் கரைந்து கூழாகும். 25 முதல் 30 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி அதே அளவு நேரம் விடுங்கள். நம் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் டீ போட்டால் ருசி கெட்டு அதையும் கொட்ட வேண்டிவரும். கேன் தண்ணீரை நிர்வாகம்தான் வாங்கித் தர வேண்டும்.

கேள்வி: அமாவாசைக் கூட்டம் வந்தால் காலை 10 முதல் இரவு 11 வரை நின்றே வேலை. உட்கார்ந்தால் திட்டு.
– வாசகர், ராமேசுவரம்

பதில்: தமிழ்நாடு கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. நாலு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு உண்டு. ஓய்வையும் சேர்த்து, வந்ததிலிருந்து கிளம்பும் வரை 12 மணி நேரம்தான். உங்களுக்கு 13 ஆகிறது. அமாவாசையானாலும் இது மீறல்தான்.

ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. மாதம் 12,480 ரூபாய் என்றால், 26ஆல் வகுத்தால் நாளுக்கு 480, மணிக்கு 60, ஓவர்டைமுக்கு 120. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கேட்டும் நடக்கவில்லையா? ராமநாதபுரத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வந்த நேரம், போன நேரம் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் புகார் நிற்கும்.

கேள்வி: எங்கள் கிளையில் 7 பேர்தான், அதனால் பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது என்கிறார்கள்.
– வாசகி, மண்டபம்

பதில்: ஒரே முதலாளி பல கிளை நடத்தினால் பிஎஃபுக்கு எல்லாக் கிளை ஆட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும், 20 பேர் இருந்தால் உண்டு. இஎஸ்ஐக்கு 10 பேர், சம்பளம் 21,000க்குள். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். பெயர்ப்பலகை ஒன்றாக இருந்து, கிளையை வேறொருவர் ஃபிரான்சைஸ் (அந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுத்திருந்தால் கணக்கு மாறலாம். முதலாளி யார் என்பது சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் இருக்கும். உங்களுக்குச் சம்பளம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கப்பின் வாயை பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடும் சீலிங் மெஷினைத் தொட்டால் சுரீரென்கிறது.
– வாசகர், பாம்பன்

பதில்: உடனே மெயினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். கடல் காற்றில் எர்த் கம்பி அரித்துப்போவது இங்கே சகஜம். ஈரத் தரையில் நிற்பவருக்கு அது உயிராபத்து. எர்த்தை எலக்ட்ரீஷியன் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடும்வரை அந்த மெஷினை யாரும் தொட வேண்டாம். கப்புக்குக் கையால் மூடி போட்டுக் கொடுங்கள்.