இருபது வருடம் தூங்கிய எஞ்சினின் கயிற்றை இழுக்காதீர்கள்

செம்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பா வள்ளத்துக்குப் பாவித்த ஜோன்சன் 18 எச்பி எஞ்சின் ஒன்று இருக்கிறது. இடப்பெயர்வுக்கு முன்னமே வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கொட்டிலில் வைத்துவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே தொங்கிக் கிடந்தது. இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன், சுற்றுகிறது, ஸ்ரார்ட் வரவில்லை. திருத்தலாமா, இல்லை பழைய இரும்புக்குப் போடுவதா? மண்ணெண்ணெயில் ஓட வைக்க முடியுமா?"

தம்பி, முதல் வேலை, அந்தக் கயிற்றில் இனிக் கை வைக்காதீர்கள். சுற்றுகிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் ஒயில் காய்ந்து போன சிலிண்டருக்குள் பிஸ்டன் றிங் வறண்டபடி உரசுகிறது. நீங்கள் ஆசையில் இழுக்கும் ஒவ்வொரு இழுவைக்கும் உள்ளே ஒரு கீறல் விழலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி 2டி ஒயில் (பெற்றோலோடு கலக்கும் ஒயில்) விட்டு, ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் மேலே உள்ள பிளைவீலைக் கையால் பிடித்து, கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மறுபக்கம் சுற்றினால் கீழே தண்ணீர்ப் பம்பின் றப்பர் இதழ்கள் மடிந்து முறியும்.

திருத்தலாமா என்ற கேள்விக்கு இரண்டு இடத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சிலிண்டரும் கியர்ப்பெட்டியும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. இரண்டில் ஒன்று போயிருந்தால் நீங்கள் போடும் காசு கடலில் போட்டதுதான். எங்கள் ஆட்கள் செய்வது தலைகீழாக இருக்கும்: முதலில் புது பிளக், புது பெற்றோல் ரியூப், பெயின்ற் எல்லாம் வாங்கிவிட்டு, கடைசியில்தான் பிஸ்டன் உருகியிருப்பதைக் காண்பார்கள்.

சிலிண்டருக்கு, மோட்டார் சைக்கிள் கராச்சில் உள்ள, அமுக்கம் அளக்கும் கொம்பிரஷன் மீற்றரே போதும். இரண்டு சிலிண்டரிலும் 80 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் சந்தோஷப்படலாம். அதைவிட முக்கியம், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது. ஒன்று 90, மற்றது 55 என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். சில வேளை றிங் கரி பிடித்து ஒட்டியிருக்கும், அது சுத்தம் செய்தால் விடும். சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கியர்ப்பெட்டியில் ஒயிலுக்கு இரண்டு ஸ்குரூ, கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டும் நேர்வெட்டுத் தலை உள்ளவை. இந்தக் கம்பனியின் பல மொடல்களில் அவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திர வெட்டுத் தலையோடு இன்னொரு ஸ்குரூ இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அது உள்ளே கியர் மாற்றும் கவையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அச்சு. ஒயில் ஸ்குரூ என்று நினைத்து அதைக் கழற்றினால் கவை உள்ளே நழுவிவிடும், பிறகு பெட்டியை முழுதாகப் பிரிக்க வேண்டி வரும். சரியான கீழ் ஸ்குரூவைத் திறந்து வருவதைப் பாருங்கள். கறுப்பு ஒயில் வந்தால் கவலையில்லை. தேத்தண்ணிக்குப் பால் விட்ட நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். முதலில் உப்புத்தண்ணீர் தனியாக வந்து, பின்னால் துருத்தூளும் இரும்புத் துண்டும் வந்தால் அது பழைய இரும்புக் கடைக்காரரின் சாமான்.

இரண்டும் தப்பியது என்று வைத்துக்கொள்வோம். இனி நெருப்பு. ஸ்ரார்ட் வராததற்குக் காரணம் அனேகமாக இங்கேதான். இந்த எஞ்சினுக்கு பற்றரி இல்லை. பிளைவீலுக்குள் இருக்கும் காந்தம் இரண்டு கொயிலைக் கடந்து சுற்றும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது, அதைச் சரியான கணத்தில் வெட்டிவிடுவது பொயின்ற். சும்மா கிடக்கும் எஞ்சினில் பொயின்றின் முகத்தில் மெல்லிய பாசிபோல ஒன்று படியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரம் கடக்காது. அவ்வளவுதான் நோய்.

அதைச் சுத்தம் செய்ய பிளைவீலைக் கழற்ற வேண்டும். இங்கே என் சொந்தக் கதை ஒன்று. தொழில் பழகிய காலத்தில் நட்டைக் கழற்றிவிட்டு, பிளைவீலின் விளிம்புக்கு அடியில் இரண்டு தட்டையான கம்பியைக் கொடுத்துத் தெண்டி, மேலே சுத்தியலால் ஒரு அடி. தண்டின் மரை நசுங்கிப் போயிற்று. அந்த எஞ்சின்காரருக்கு நான் மூன்று மாதம் கூலியில்லாமல் வேலை செய்து கழித்தேன். பிளைவீலின் நடுவில் மூன்று மரை ஓட்டைகள் இருப்பது சும்மா அழகுக்கு இல்லை. தட்டையான இரும்பில் மூன்று ஓட்டையும் நடுவில் ஒரு போல்டும் போட்டு எந்த லேத் பட்டறையிலும் புல்லர் செய்து தருவார்கள். மூன்று போல்டையும் பூட்டி, நடுப் போல்டை இறுக்கி, அதன் தலையில் ஒரு சின்னத் தட்டு. "டக்" என்று விட்டுவிடும். உள்ளே இருக்கும் சின்னச் சாவித் துண்டு கீழே விழும், அதைத் தொலைக்காதீர்கள்.

பொயின்றின் இரு முகங்களையும் மெல்லிய நீர்த்தாளால் (மணல்தாள்) ஒரு தரம் இழுத்து, பிறகு தின்னர் நனைத்த வெள்ளைக் கடதாசியை இடையில் வைத்து, கறுப்பு வராத வரைக்கும் இழுங்கள். ஆகக்கூடத் திறக்கும் இடத்தில் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். பிளக்கின் இடைவெளி 0.75. கொயிலை நன்றாகக் கழுவிப் பாருங்கள். வெளியே வெடிப்பு ஓடியிருந்தால் இன்றைக்கு ஸ்பார்க் தந்தாலும் கடலில் சூடேறியதும் கைவிடும். ஜோன்சனையும் எவின்ரூட்டையும் செய்த அமெரிக்கக் கம்பனி 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வங்குரோத்தாகிவிட்டது, அதனால் சாமான் கிடைக்காது என்று பயப்படாதீர்கள். இதே கொயிலைத்தான் அவர்கள் பல வருடங்களாக 3 எச்பி முதல் 40 எச்பி வரை கன மொடல்களுக்குப் போட்டார்கள். வேறு கம்பனிகள் இன்றும் செய்கின்றன. ஓடாத பழைய எஞ்சின் எங்கே கிடந்தாலும் அதற்குள்ளும் தேடலாம்.

ஸ்பார்க் பார்க்கும்போது பெற்றோல் போத்தலைத் தூர வையுங்கள். பிளக் கம்பியின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் 6 மில்லிமீற்றர் தூரத்தைத் தாண்டி நீலமாகப் பாய வேண்டும். மஞ்சளாக மினுங்கினால் போதாது.

காபரேற்றர் பெரிய வித்தையில்லை. கழற்றி, கழுவி, ஓட்டைகளுக்குக் காற்றடித்துவிடுங்கள். கம்பி விட்டுக் குடையக் கூடாது. உள்ளே மிதவை தக்கையால் ஆனது. அதன் பூச்சு உரிந்திருந்தால் பெற்றோலைக் குடித்து மூழ்கிவிடும், காபரேற்றர் வழியத் தொடங்கும். மெதுவோட்ட ஊசியை நோகாமல் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து விடுங்கள், ஓடும்போது திருத்திக்கொள்ளலாம். பழைய ரியூப், கைப்பம்ப், பெற்றோல் பம்பின் றப்பர் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஒயில் கலவைக்கு எஞ்சினின் வயது வேண்டும். 1964இலோ அதற்குப் பிறகோ வந்தது என்றால் 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். அதற்கு முந்தியது என்றால் 24க்கு 1. எதுவென்றாலும் முதல் தாங்கிக்கு லீற்றருக்கு 42 மில்லிலீற்றர் விடுங்கள். புகைக்கும், புகைக்கட்டும்.

மண்ணெண்ணெயில் ஓடுமா? ஓடும். ஓட்டாதீர்கள். யுத்தத்தில் பெற்றோல் வராத தடைக்காலத்தில் வன்னியில் நாங்கள் எதைத்தான் மண்ணெண்ணெயில் ஓட்டவில்லை. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் சொட்டி ஸ்ரார்ட் எடுத்து, சூடானதும் மாறி, மோட்டார் சைக்கிளில் ஊர் முழுக்கப் புகை விட்டுப் போனோம். அது வேறு வழியில்லாத காலம், அந்த எஞ்சின்களும் அதற்குரிய விலையைக் கொடுத்தன. இப்போது கரையில் பாவிக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் அதற்கென்றே குறைந்த கொம்பிரஷனோடு செய்யப்பட்டவை. உங்களுடையது பெற்றோலுக்குச் செய்தது. பாரம் இழுக்கும்போது மண்ணெண்ணெய் உள்ளே நேரம் தப்பி வெடித்து பிஸ்டனைத் தின்றுவிடும், கரியும் பிடிக்கும். லாபமும் முன்னைப்போல் இல்லை. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்கு ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தண்ணீர்ப் பம்பின் றப்பர் இம்பெல்லரை எந்தச் சாட்டும் சொல்லாமல் மாற்றுங்கள். பார்க்க நல்லதாகத்தான் இருக்கும், ஆனால் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப் போயிருக்கும். கீழ்ப்பாகத்தை இறக்கும்போது கியர்க் கம்பியின் இணைப்பைக் கழற்ற மறக்க வேண்டாம். அலுமினியத்துக்குள் உப்பில் இறுகிய போல்ட் வராவிட்டால் பலம் காட்டாதீர்கள். சூடு காட்டி, ஆறவிட்டு, திரும்பச் சூடு காட்டுங்கள். முறிந்த போல்டைக் குடைந்து எடுக்க ஒரு முழு நாள் போகும்.

முதல் ஓட்டம் 200 லீற்றர் பரலில், வெளியில், காற்றோட்டமான இடத்தில். புறொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் "ஒரு செக்கன்தானே" என்று ஓட்டினால் புது இம்பெல்லர் போய்விடும். இன்னொன்று, ஜப்பான் எஞ்சின் பார்த்துப் பழகியவர்கள் பக்கத்தால் நூல்போல் தண்ணீர் பாய்வதைத் தேடுவார்கள். இந்தப் பழைய ஜோன்சனில் அது வராது. காலின் பின்பக்க ஓட்டையால் புகையோடு சேர்ந்து தூவானமாகத் துப்பும். அது வருகிறதா பாருங்கள், சிலிண்டர் தலையில் கையை வைத்துப் பாருங்கள். சில நிமிடம் ஓடிய பிறகும் கை வைத்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

பரலில் நன்றாக ஓடியது என்று நேரே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாயாற்றுக் களப்பில் நாலைந்து நாள், துடுப்போடும் கூட ஒரு ஆளோடும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் நல்ல தண்ணீர்ப் பரலில் ஓடவிட்டு, ரியூப்பைக் கழற்றி, காபரேற்றரில் உள்ள பெற்றோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுங்கள். அதற்குப் பிறகும் நான் இதை ஆழ்கடலுக்குச் சொல்ல மாட்டேன். கரையோரத்தில் வலை பார்க்கவும், மற்ற எஞ்சின் நின்றால் வீடு வந்து சேரவும் போதும்.

சிலிண்டர் சரிவரவில்லை என்றாலும் முழுதாக நிறுவைக்குக் கொடுக்காதீர்கள். கொயில், காபரேற்றர், புறொப்பெல்லர், பிளைவீல் நான்கையும் கழற்றி வையுங்கள். நிறுவைக்காரர் தருவதைவிட அவற்றுக்குக் கூட விலை கிடைக்கும்.

வாடை தொடங்கினால் எப்படியும் வள்ளம் கரையில்தான். மேலே சொன்ன வேலை முழுவதையும் அந்த மாதங்களில் ஆறுதலாகச் செய்யலாம். பிளக்கைக் கழற்றி ஒயில் விடுவதை மட்டும் இன்றைக்குப் பின்னேரமே செய்துவிடுங்கள்.