உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிற மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா,

பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருடம் படிக்கும் மகள், வங்கி வேளாண் அலுவலர் தேர்வும் வேண்டாம், டி.என்.பி.எஸ்.சி.யும் வேண்டாம், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை உருளைக்கிழங்கில் மரபியல் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். "ஒரு கிழங்குக்கு ஆறேழு வருஷமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. இரண்டு வருடம், அப்புறம் முனைவர் பட்டம். ஆமாம், அவ்வளவு ஆகும்.

அவள் எதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு உறுதியாக நிற்கிறாள் என்று முதலில் பாருங்கள். நாம் கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு நான்மடியம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு தொகுதி, மொத்தம் 48 கொண்டது. பெரு, பொலிவியா மலைகளில் 24, 36, 48, 60 குரோமோசோம் உள்ள கிழங்குகள் எல்லாமே பயிராகின்றன. ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுவது அங்குள்ள விவசாயிகளின் வழக்கம். ஊதா, கறுப்பு, மஞ்சள் என்று பல நிறம். பனியைத் தாங்கும் கசப்புக் கிழங்குகளும் உண்டு. அவற்றை இரவுக் குளிரில் உறையவைத்து, மிதித்து, வெயிலில் காயவைத்து வருடக்கணக்கில் சேமிக்கிறார்கள். முண்டும் முடிச்சுமான ஒரு கிழங்குக்கு மருமகளை அழவைப்பது என்றே பெயர். அதைத் தோல் சீவச் சொல்லிப் பெண்ணைச் சோதிப்பார்களாம். மாமியார்கள் எங்கும் மாமியார்கள்தான்! பெருவின் தலைநகர் லிமாவில் 1971-ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தின் மரபணு வங்கியில் இப்படிப்பட்ட 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் இருக்கின்றன. பெருவில் கூஸ்கோ நகரத்தின் பக்கம் பீசாக்கில் கெச்சுவா என்ற ஆண்டிஸ் பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா, 2004-ல் அந்த மையத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தங்கள் பழைய ரகங்களைத் திரும்ப வாங்கி நட்டது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். 1961-ல் நீலகிரியில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரைத் தாக்கி விளைச்சலைக் குறைக்கும் இந்தப் புழு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகத் தடை வந்தது. இந்தப் புழுவுக்குப் பிறந்த இடமும் ஆண்டிஸ்தான். எதிர்ப்புச் சக்தியும் அங்கிருந்தே வந்தது. பிரிட்டனில் சேகரித்து வைத்திருந்த ஒரு ஆண்டிஸ் நாட்டு ரகத்தில் 1950-களின் தொடக்கத்தில் கிடைத்த எதிர்ப்பு மரபணுதான் இன்றும் உலகின் பல ரகங்களில் இருக்கிறது. ஊட்டி முத்தோரை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குஃப்ரி ஸ்வர்ணா, அர்ஜெண்டினா பக்கத்து ஆண்டிஸ் காட்டு இனம் ஒன்றிலிருந்து எதிர்ப்பைப் பெற்றது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்மடியக் கிழங்கில் ஒவ்வொரு மரபணுவும் நான்கு பிரதிகளாக இருக்கிறது. இரண்டு நல்ல ரகங்களைக் கலந்தாலும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போட்ட மாதிரிதான்; வேண்டிய குணங்கள் ஒன்றாக விழுவது அபூர்வம். ஒரு புது ரகம் வெளிவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆவது இதனால்தான். 24 குரோமோசோம் கொண்ட இருமடியச் செடிகளில் வேலை சுலபம். ஆனால் அவை பெரும்பாலும் தங்கள் மகரந்தத்தைத் தாங்களே ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் மக்காச்சோளம் போலத் தூய வழிகளை, அதாவது தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாத செடிகளை, உருவாக்க முடியாது. தூய வழி இல்லாமல், அப்படிப்பட்ட இரண்டைக் கலந்து கிடைக்கும் வீரிய ஒட்டும் இல்லை. ஒரு தென் அமெரிக்கக் காட்டு இனத்தில் இந்தத் தடையை நீக்கும் மரபணு இருப்பதாக 1998-ல் ஆய்வு வெளியானது. இப்படித் தன் மகரந்தத்தை ஏற்கும் செடிகளை வைத்து நெதர்லாந்தில் சோலிண்டா என்ற நிறுவனமும், சீனாவில் விஞ்ஞானி ஹுவாங் சான்வென் குழுவும் வீரிய ஒட்டு உருளையை உருவாக்கிவிட்டார்கள். ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை டன் விதைக்கிழங்கு தேவைப்படும் இடத்தில் செடியின் காயிலிருந்து எடுக்கும் விதை சுமார் 25 கிராம் போதும் என்பது இதன் கணக்கு. கிழங்கோடு ஒட்டி வரும் வைரஸ் தொல்லையும் பெரும்பாலும் ஒழியும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. தன்மகரந்தச் சேர்க்கையைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் மறைந்திருந்த கெட்ட மரபணுக்கள் வெளியே வந்து செடி நலிந்துபோகும். அவற்றைக் கழித்து, வீரியம் தரும் மரபணுக்களைத் தேடிச் சேர்க்க ஆண்டிஸ் இருமடிய ரகங்களின் பன்மை வேண்டும். உங்கள் மகள் நுழைய நினைக்கும் இடம் இதுதான். கெட்டிக்காரத்தனமான தேர்வு என்றே சொல்வேன்.

ஆனாலும் ஒரே பயிரோடு அவள் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும் அதன் நிலையங்களும்தான் பெரிய இடம். அதனால் புள்ளியியலும் மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசும் திறமையும் அவளுக்குக் கட்டாயம். அவை கையில் இருந்தால் தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எதற்கும் போகலாம். ஹைதராபாத், பெங்களூரு விதை நிறுவனங்களிலும் வேலை தேடலாம். இதில் ஆர்வமில்லை, வயலில் மட்டும் நிற்பேன் என்றால் எனக்கும் தயக்கம் வரும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ்சி. வேண்டவே வேண்டாம். ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் உதவித்தொகையோடு இங்கேயே படிக்கலாம். வெளிநாடு போவதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். நெதர்லாந்து போன்ற நாடுகளில் அது பெரும்பாலும் சம்பளம் உள்ள வேலை. லிமா பக்கம் போக ஆசை இருந்தால் ஸ்பானிஷை இப்போதே தொடங்கலாம்.

வங்கித் தேர்வை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதி வைக்கட்டும், வயது இருக்கிறது. ஆனால் இந்த வருடப் படிப்பு நேரத்தில் பெரும்பகுதி நுழைவுத் தேர்வுக்கே போகட்டும். அதற்கு முன் ஒரு தடவை முன் அனுமதி வாங்கி முத்தோரைக்கு அழைத்துப் போங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் வேலை எப்படி, சம்பளம் எப்படி என்று நீங்களே கேளுங்கள். அவள் தன் கேள்விகளைக் கேட்டுக்கொள்வாள்.