ஐந்து மணிக்கு ‘ஃபைஃப்’

சார், லெஸ்டரில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். கல்லூரி நாடகத்தில் எனக்குப் போலந்துக்காரர் வேஷம், போர் முடிந்து லண்டனிலேயே தங்கிவிட்ட பழைய சிப்பாய். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு நல்ல உச்சரிப்பைப் பழகிவிட்டு, இப்போது பிழையான உச்சரிப்பைப் பழக வேண்டியிருக்கிறது. ‘ர’வை உருட்டிப் பேசிப் பார்க்கிறேன், நண்பர்கள் சிரிக்கிறார்கள். நல்ல யூட்யூப் சேனல் ஏதாவது சொல்ல முடியுமா? அந்த மக்களைக் கேலி செய்வதாக ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேனல் எதுவும் எனக்குத் தெரியாது. கேலி ஆகுமா என்றால், அரைகுறையாகச் செய்தால் ஆகும். அதை விடுங்கள். ‘பிழையான உச்சரிப்பு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

போன வாரம்தான் நாவலாசிரியர் ஜோசப் கான்ராடை மறுபடி எடுத்து வைத்தேன். 1857-இல் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர், ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி, அதையும் இருபது வயதைத் தாண்டிய பிறகு கப்பல்காரர்களோடு பழகித்தான் கற்றார். அவர் எழுதிய ஆங்கிலத்தை ஆங்கிலேயர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். வாயைத் திறந்தால் மட்டும் போலந்து, 1924-இல் கென்ட்டில் சாகும்வரை. அவரிடம் போய்ப் பிழை என்று சொல்வீர்களா? உங்களுக்கு எம்.எஸ்ஸி. தந்த தைரியம் அது.

வாயில் வருவது பிழை இல்லை தம்பி, தாய்மொழியின் சட்டம். சட்டம் தெரியாமல் சத்தத்தை மட்டும் பிடிக்கப் போனால் நண்பர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நான் இதைக் கற்ற இடம் கல்லூரி இல்லை. 2005, மேற்கு லண்டன் பக்கம், காய்கறி பேக் செய்யும் ஒரு ஷெட்டில் இரவு வேலை. போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஷெட்டில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். எங்கள் வரிசைக்கு ஒரு போலந்து அக்கா பொறுப்பு. முதல் ராத்திரி கேரட்டைக் காட்டி ‘பேக்’ என்றார். நான் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் வரிசையே நிற்கிறது. அக்கா ஒரு பாலிதீன் பையை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்து, மறுபடி ‘பேக்’ என்றார். அவர் சொன்னது பை, எனக்குக் கேட்டது பின்பக்கம். இதைத் தமிழில் எழுதிக் காட்டவும் வழியில்லை பாருங்கள், நமக்கு இரண்டுமே பேக்தான். தங்கத்தில் வரும் ‘க’ வேறு, பக்கத்தில் வரும் ‘க’ வேறு, அவ்வளவுதான் சொல்ல முடியும். போலந்து மொழியான போலிஷில் சொல்லின் கடைசியில் தங்கத்து ‘க’ நிற்காது, பக்கத்து ‘க’ ஆகிவிடும்.

மூன்று மணி இடைவேளையில் ஒருநாள் கறுப்பு ரொட்டி கொடுத்தார். பெயர் கேட்டேன். ‘ஹ்லெப்’ என்றார், கடைசியில் கப்பலில் வரும் ‘ப’. அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்டச் சொன்னால், எழுத்தோ கம்பத்தில் வரும் ‘ப’. இன்னும் கொஞ்சம் கேட்பதற்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். அப்போது அந்தச் சொல் ‘ஹ்லெபா’ ஆகிறது, பின்னால் ஓர் உயிர் வந்ததும் கம்பத்து ‘ப’ எழுந்து உட்கார்ந்துகொள்கிறது! எழுத்து ஒன்று, இடத்தைப் பார்த்து ஒலி மாறுகிறது. நாம் தங்கம், பக்கம், பகல் என்று தினமும் யோசிக்காமல் செய்கிற வேலைதானே இது? அக்காவும் யோசிக்கவில்லை. அந்தச் சட்டத்தோடு ஆங்கிலத்துக்குள் வந்தார், பை பின்பக்கமாயிற்று.

1982-இல் ஒரு படத்தில் மெரில் ஸ்ட்ரீப் போலந்துப் பெண்ணாக வந்தார், அதற்காக முதலில் போலிஷையே கற்றுக்கொண்டார். நீங்களும் பத்து போலிஷ் வாக்கியம் மனப்பாடம் செய்யுங்கள். வசனத்தை அப்புறம் தொடலாம்.

‘ர’வை உருட்டுவதை நிறுத்துங்கள். நம் ‘ர’வே போதும், அதற்கு மேல் உருட்டினால் சினிமா வில்லன்தான் வருவான். உங்களைக் காட்டிக்கொடுக்கப் போவது ‘ட’. டேபிள் என்று நாக்கை மடித்தீர்களோ, மேடையில் மதுரை இறங்கிவிடும். அவர்கள் நாக்கு நம் ‘த’வைப் போலப் பல்லைத் தொடும். அப்புறம் அழுத்தம்: அவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், அதனால் ஹோட்டல் என்றால் ‘ஹோ’வில், அந்த ‘ஹ’வும் தொண்டையிலிருந்து. குறில் நெடில் பேதம் அவர்கள் மொழியில் கிடையாது, நமக்கு அதை மறப்பதுதான் கஷ்டம். ‘தி’, ‘ஏ’ எல்லாம் பாதி நேரம் விட்டுப்போகும், அதில் உங்களுக்குப் பயிற்சியே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

உங்கள் சிப்பாய்க்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. போலந்துப் படைவீரர்கள் பிரிட்டனில் குடியேற 1947-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதையும் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.

தமிழில் எழுதிக் காட்ட முடிகிற ஒரு சொல் இருக்கிறது, ‘ஃபைவ்’, அதிலிருந்து தொடங்குங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் ஷிப்ட் முடியும். அக்கா கையுறையைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி “ஃபைஃப்!” என்பார். நாங்கள் அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடுவோம்.