கொல்லையில் கொய்யா, கூடையில் கிவி

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 56. நான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் ஒருவாறு கட்டுப்பட்டு நிற்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு பழத்தின் மகிமை வந்து விழுகிறது. டெங்குவுக்குக் கிவி, சர்க்கரைக்கு டிராகன் பழம், இதயத்துக்கு மாதுளை என்று போகிறது. என் மகனும் அதைப் பார்த்து வாங்கிக் குவிக்கிறான். ஒரு கிவி நாற்பது ரூபாய். இன்னொரு பக்கம் என் மச்சான், சர்க்கரை வந்தவன் பழத்தைத் தொடவே கூடாது என்கிறார். பழத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் வயிற்றில் புளித்து விஷமாகிவிடும் என்று வேறு ஒரு செய்தி. எந்தப் பழம் எந்த நோய்க்கு நல்லது என்று நீங்கள் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துக்கொள்வேன். எங்கள் கொல்லையில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. ஆனால் அது அணிலுக்கும் வௌவாலுக்கும்தான் உதவுகிறது.

சு., வேடசந்தூர்

அன்புள்ள சு.,

பட்டியல் தரப்போவதில்லை. நான் டாக்டர் இல்லை என்பது ஒரு காரணம். நோய்க்கு ஒரு பழம் என்று எழுதி ஒட்டியதும் பழம் மாத்திரை மாதிரி ஆகிவிடுகிறது, அப்புறம் யாரும் அதை ருசித்துச் சாப்பிடுவதில்லை என்பது இன்னொரு காரணம். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டு, அதை அணிலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கிவியில் 90 சொச்சம். ஆரஞ்சில் ஐம்பதைச் சுற்றி. ஆப்பிளில் ஐந்து இருந்தால் பெரிது. உங்கள் வயது ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதாவது கொல்லைக் கொய்யாவில் அரைப் பழம். நாற்பது ரூபாய் கிவி அதற்குமேல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

டெங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவில் ரத்தத்தின் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். காய்ச்சல் இறங்கிச் சில நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும். அது ஏறுகிற நாளில் நோயாளியின் வாயில் எந்தப் பழம் இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. அந்தக் காய்ச்சலில் உடம்பு கேட்பது நீர்ச்சத்தையும் டாக்டரின் கண்காணிப்பையும்தான்.

இப்படி எழுதுவதால் நான் வெளிநாட்டுப் பழத்துக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். 'நாட்டுப் பழம்' என்று நாம் மார்தட்டுகிற கொய்யா, பப்பாளி, சீத்தா, அன்னாசி, கொடுக்காப்புளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. டிராகன் பழமும் அதே கண்டத்துக் கள்ளிச் செடிதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. 2021இல் குஜராத் அரசு அதற்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டி உள்ளூர்க்காரனாகவே ஆக்கிவிட்டது. மகன் ஆசையாக வாங்கி வந்தால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து என்று மட்டும் நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

பல வகைப் பழம் சாப்பிடுவது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் பல வகை? ஒவ்வொரு பழமும் வேறு வேறு சரக்கை வைத்திருக்கிறது. மாம்பழத்தின், பப்பாளியின் மஞ்சளை உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. தர்பூசணியிலும் சிவப்புக் கொய்யாவிலும் இருப்பது தக்காளியில் இருக்கிற அதே லைகோபீன் என்ற சிவப்பு நிறமி. நாவல் பழம் நாக்கில் ஏற்றுகிற ஊதா ஆந்தோசயனின் என்ற நிறமி. கறுப்புத் திராட்சையிலும் அதுதான், ஆனால் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புகிற நம் வழக்கத்தில் அந்த நிறமியில் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. வாழைப்பழத்தில் வைட்டமின் சி சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஆனால் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. ஒரே பழத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு சரக்கு மட்டும்தான் வரும்.

இந்தப் பல வகையை நம் ஊரில் யாரும் திட்டம் போட்டுச் சாப்பிட்டதில்லை. பருவம் பார்த்துக்கொண்டது. நான் படித்த பள்ளிக்கூட வாசலில் ஒரு பாட்டி சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். தை, மாசியில் இலந்தைப் பழம், உழக்கில் அளந்து சட்டைப் பைக்குள் கொட்டுவார். பங்குனி வாக்கில் கொடுக்காப்புளி. ஆனி, ஆடியில் நாவல். காகிதக் கூம்பில் போட்டு உப்பைத் தூவி, கூம்பின் வாயை மூடி இரண்டு குலுக்குக் குலுக்கித் தருவார். கடைசியில் காகிதத்தில் தேங்கி நிற்கிற அந்த ஊதாத் தண்ணீருக்குத்தான் எங்களுக்குள் சண்டை. ஆவணியில் விளாம்பழம், ஐப்பசிக்குப் பிறகு நெல்லிக்காய். பாட்டியின் சாக்கைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெரிய பழக்கடை இருக்கிறது. சித்திரைக்குப் போனாலும் மார்கழிக்குப் போனாலும் ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, மோரிஸ் வாழை. நிறைய வகை இருக்கிற மாதிரி ஒரு தோற்றம். எண்ணிப் பார்த்தால் வருடம் முழுக்க நான்கு.

வாழையிலும் இதே கதைதான். உங்கள் பக்கத்துச் சிறுமலையில் மலைவாழை என்னவாயிற்று என்று பெரியவர்களுக்குத் தெரியும். 1970களில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் கடையில் "மலைப்பழம் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். உங்கள் மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான். ஆனால் முழுப் பழத்தை மென்று தின்னும்போது நாரோடு சேர்ந்து மெதுவாக இறங்குகிறது. இதை நான் புத்தியாகக் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன்பு காலை நடை முடிந்ததும் ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடிப்பதை வழக்கமாக வைத்திருந்தேன். நான் வருவது தெரிந்தாலே கடைத் தம்பி நான்கு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பிழியத் தொடங்கிவிடுவான். சக்கையை ஒரு வாளியில் எறிவான், சாற்றை வடிகட்டுவான், நான் "சீனி கம்மியா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கரண்டி உள்ளே போயிருக்கும். ஆரோக்கியமாக வாழ்கிறேன் என்ற பெருமிதத்தில் நின்றபடியே குடித்துவிட்டு வருவேன். ஐந்தாறு மாதம் கழித்துப் பரிசோதித்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1இலிருந்து 6.8க்கு ஏறியிருந்தது. டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தினமும் நாலு சாத்துக்குடியை உரிச்சுத் தின்பீங்களா?" நான் ஒன்றையே முழுதாக உரித்துத் தின்கிற பொறுமைக்காரன் இல்லை. வாளிக்குள் போன சக்கைதான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சமாச்சாரம்.

என் ஒருவன் அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1,87,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரி போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருவது குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது.

ஆகவே பழத்தை விடாதீர்கள், ஜூஸை விடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது ஒரு சின்னக் கிண்ணம் பப்பாளி. மாம்பழக் காலத்தில் வாயைக் கட்ட முடியாதுதான். இரண்டு துண்டு சாப்பிடுங்கள், அன்றைக்குச் சோற்றில் ஒரு கைப்பிடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா இதைச் செய்தார், மாம்பழமும் போகவில்லை, சர்க்கரையும் எகிறவில்லை. நாவல் பழத்தையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நாவல் கொட்டைப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.

வெறும் வயிறு விஷயம்தான் எனக்கு எரிச்சல் ஊட்டுவது. சாப்பிட்ட பிறகு பழம் தின்றால் புளித்து விஷமாகும் என்றால், கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் வாழைப்பழம் வாங்கிய தலைமுறைகள் எல்லாம் என்ன ஆகியிருக்க வேண்டும்? வயிற்றில் இருக்கிற அமிலத்தில் பழம் உட்கார்ந்து புளிக்க வழியே இல்லை. சொல்லப்போனால் சாப்பாட்டோடு சாப்பிடுவதில் லாபம் இருக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. கூடவே வைட்டமின் சி போனால் அதிகமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உங்கள் வீட்டில் மதியம் டீக்குப் பதிலாக இரண்டு துண்டு கொய்யா என்று ஆரம்பித்தால் முதல் தட்டு உங்கள் மனைவிக்குப் போகட்டும்.

வெறும் வயிற்றுப் பழம் உண்மையிலேயே உயிரை எடுத்த இடம் ஒன்று உண்டு. பீகாரில் முசாபர்பூர், லிச்சி விளைகிற ஊர். அங்கே ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து விழுந்தார்கள். 2014இல் நடத்திய விசாரணையில் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 390 குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்ததும் 122 பேர் இறந்ததும் பதிவானது. லிச்சியில் இயற்கையாகவே உள்ள ஒரு நச்சு, உடம்பு தானாகச் சர்க்கரையைத் தயாரிக்கிற வழியை அடைத்துவிடுகிறது. பகலெல்லாம் தோப்பில் விழுந்த பழத்தைத் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த, ஏற்கெனவே சத்துக் குறைந்த பிள்ளைகளின் ரத்தத்தில் விடிவதற்குள் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாலு லிச்சி தின்பவருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பிள்ளைகளிடம் இல்லாமல் போனது இரவுச் சோறு.

சர்க்கரையோடு சிறுநீரகமும் கெட்டுப்போனவர்களுக்கு நான் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு வாழைப்பழமும் இளநீருமே பொட்டாசியத்தால் ஆபத்து. நட்சத்திரப் பழம் இன்னும் மோசம், அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் மூளையைத் தாக்கும். என் பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த நாட்களில் பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்தார்கள். பெரியம்மா ஒவ்வொரு சீப்பையும் வாங்கி, சிரித்தபடியே உள்ளே கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார். உங்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கொய்யா மரம். வௌவாலோ அணிலோ வாய் வைத்த பழம் வேண்டவே வேண்டாம். 'அணில் கடித்த பழம் தித்திக்கும்' என்று நாம் பொறுக்கித் தின்றது ஒரு காலம். 2018இல் கோழிக்கோட்டில், வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற நிபா வைரஸ் வந்த பிறகு அந்தத் துணிச்சல் எனக்குப் போய்விட்டது. கீழே விழுந்ததை விட்டுவிடுங்கள். காய் பச்சையிலிருந்து வெளிறத் தொடங்கும்போதே, பொழுது சாய்வதற்குள் பறித்துவிடுங்கள். கொய்யா பறித்த பிறகும் பழுக்கும், அரிசிப் பானைக்குள் வைத்தால் இரண்டு நாள். எட்டாத உயரத்துக் காய்களுக்கு ஒரு தொரட்டி கட்டி மகன் கையில் கொடுங்கள். பழம் வாங்குகிற ஆர்வம்தான் அவருக்கு நிறைய இருக்கிறதே.