தவளை மாறியதைப் பார்த்தவர் உண்டா?

கேள்வி: இயற்கைத் தேர்வால் ஓர் இனம் இரண்டாகப் பிரியும் என்று எழுதுகிறீர்கள். ஒரு தவளை வேறொன்றாக மாறியதை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்தத் தவளையும் வேறொன்றாக மாறாது. மாறினால் அது மந்திரவாதி வேலை. மாறுவது கூட்டம், அதுவும் தலைமுறை தலைமுறையாக. உட்கார்ந்து பார்க்க நமக்கு ஆயுசு போதாது. ஆனால் பாதி பிரிந்த நிலையில் இருப்பதைப் பார்க்கலாம். தவளையின் பங்காளியான, பல்லி உருவம் கொண்ட சாலமாண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் என்சட்டினா என்று ஒன்று இருக்கிறது. நுரையீரல் கிடையாது, ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தால் கதை முடிந்தது. அதனால் நடுவிலுள்ள வறண்ட பள்ளத்தாக்கு அதற்குச் சுவர் மாதிரி. வடக்கிலிருந்து ஒரு கிளை கடலோர மலைகள் வழியாகவும், இன்னொன்று கிழக்கே சியெரா நெவாடா மலைத்தொடர் வழியாகவும் தெற்கே இறங்கியது என்று 1949-இல் ராபர்ட் ஸ்டெபின்ஸ் விளக்கினார்.

சியெரா பக்கம் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். சருகில் கிடந்தால் உருவமே பிடிபடாது. சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்து வகைக்கு மஞ்சள் கண், ஆரஞ்சு வயிறு. அங்கே வாழும் நியூட் என்ற இன்னொரு சாலமாண்டரின் நிறமும் அதுதான். நியூட் தோலில் இருப்பதோ பேத்தை மீனின் நஞ்சு! ஸ்க்ரப் ஜே பறவைகளுக்கு முதலில் நியூட்டைக் காட்டிவிட்டு என்சட்டினாவை வைத்துப் பார்த்தார்கள். மற்ற வகையைவிட மஞ்சள் கண்ணனைத் தொட அவை அதிக நேரம் தயங்கின.

இந்த மஞ்சள் கண்ணன் முன்னொரு காலத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி சியெரா அடிவாரத்திலும் குடியேறிவிட்டது. அங்கே திட்டு வகையோடு கலக்கிறது. கலப்புக் குட்டிக்கு நியூட் வேஷமும் பொருந்தவில்லை, சருகு மறைப்பும் சரியாக இல்லை. மரபணுவைப் பார்த்தால் கலப்பு குறுகிய எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, அப்பால் பரவவில்லை. சூழலுக்குப் பொருந்தாதது குறைய, பொருந்தியது பெருகுகிறது; நீங்கள் கேட்ட இயற்கைத் தேர்வு இதுதான். நிறத்தை மட்டும் பார்த்துக் கலப்புக் குட்டிகளை எண்ணினால் ஏமாறுவீர்கள். கலப்பு மறுபடி ஒரு பக்கத்தோடு சேர்ந்து பெற்ற பிள்ளை, பார்வைக்கு அசல் போலவே இருக்கலாம்.

தென்கோடியில் சான் டியேகோ மலைகளில் இரு கிளைகளும் மறுபடி சந்திக்கின்றன. பாலோமர் மலையில் கலப்பு அபூர்வம். குயமாகா மலையில் இரண்டும் சேர்ந்து வாழும் காட்டில் ஆய்ந்தபோது கலப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பள்ளத்தாக்கைச் சுற்றிய இந்த வளையம் இடையிடையே அறுந்து மறுபடி ஒட்டியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இது ஓர் இனமா, பலவா என்று நிபுணர்களுக்குள் இன்னும் சண்டை. பிரியாத இனத்துக்காக யாரும் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள்.