கிளிமஞ்சாரோவை ஐந்து நாளில் ஏறலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, நாங்கள் ஏழு பேர், எல்லாருமே 40-ஐத் தாண்டியவர்கள். போன வருஷம் போனக்காடு வழியாகப் பொதிகை ஏறிவிட்டு வந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தெம்பில் இப்போது தான்சானியாவில் இருக்கிற கிளிமஞ்சாரோ போகலாம் என்று பேச்சு. ஒரு கம்பெனி மராங்கு வழியில் ஐந்து நாள் என்று ஒரு விலை சொல்கிறது, மச்சாமே வழியில் ஏழு நாள் என்று அதைவிட நன்றாகவே கூடுதலாக ஒரு விலை. தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். எங்களுக்கு ஐந்து நாள் போதாதா? மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, அப்போது போகலாமா? எங்களில் ஒருவர் பிரஷர் மாத்திரை போடுகிறவர். இந்த வெயிலில் நெல்லையில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?”

போதாது தம்பி. ஏழு நாள் போங்கள், அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் ஒரு வருஷம் சேர்த்துவிட்டுப் போங்கள். மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் இந்த ஒன்றில் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

பொதிகை ஏறியது நல்ல விஷயம்தான், காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கத் தெரிந்திருக்கிறது, அட்டைக்கும் ஏற்றத்துக்கும் பயமில்லை. ஆனால் அதன் உச்சி 1,868 மீட்டர். மராங்கு வழியில் பெயர் பதிந்துவிட்டு நடக்கத் தொடங்குகிற வாசலே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து நீங்கள் ஏற வேண்டிய உகுரு, அதாவது கிளிமஞ்சாரோவின் உச்சி, 5,895 மீட்டர் உயரத்தில். அதாவது நீங்கள் முடித்த இடத்தில் அந்த மலை ஆரம்பிக்கிறது. இதற்கு நம் பக்கத்தில் ஒத்திகை பார்க்கவும் வழியில்லை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர், கொடைக்கானல் ஊர் 2,100 சொச்சம். உயரம் உடம்பைப் படுத்த ஆரம்பிப்பதே பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், புரிந்துகொண்டால் நாள் கணக்கு தானாகப் புரியும். காற்றில் ஆக்சிஜன் எங்கே போனாலும் 21 சதவீதம்தான், குறைவது காற்றின் அழுத்தம். கிளிமஞ்சாரோ உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி, ஆகவே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. உடம்பு முதலில் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கப் பார்க்கும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியே போய் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும், உடனே மூளை “போதும், மெதுவாக மூச்சு விடு” என்று தடை போடும் (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான், பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார்). அந்தக் காரத்தைச் சிறுநீரகம் சிறுநீரோடு வெளியேற்றிச் சரிசெய்தால்தான் தடை விலகும். அதற்கு நாள் பிடிக்கும். புதிய ரத்த அணுக்கள் உருவாவதற்கோ வாரக்கணக்கு. இதில் காலின் வலுவுக்கு வேலையே கிடையாது. மாரத்தான் ஓடுகிறவனுக்கும் தலைவலி வரும், வேகமாக ஏறிவிடுகிறான் என்பதால் அவனுக்கு முதலில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, இப்போது ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரவு மந்தாரா, சுமார் 2,700 மீட்டர். இரண்டாவது இரவு ஹொரொம்போ, 3,700. மூன்றாவது நாள் கீபோ குடில், 4,700. அங்கே சாயங்காலம் படுக்கிற மாதிரி படுத்துவிட்டு நள்ளிரவில் எழுந்து உச்சிக்கு. மலை மருத்துவத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்கிற அளவு என்னவென்றால், 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கூட்டாமல் அதே உயரத்தில் தங்க வேண்டும். இந்தத் திட்டம் அடுத்தடுத்த இரண்டு நாளிலும் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றுகிறது. ஏழு நாள் மச்சாமேயும் அந்த அளவுக்குள் முழுசாக அடங்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் ஒரு நல்ல சூட்சுமம் இருக்கிறது: மூன்றாவது நாள் லாவா டவர் வரை 4,600 மீட்டருக்கு ஏறிவிட்டு, தூங்குவதற்கு பரான்கோ முகாமுக்கு 4,000-க்குக் கீழே இறங்கிவிடுவீர்கள், மறுநாள் கரங்காவில் ஏறத்தாழ அதே உயரத்தில் இன்னொரு இரவு, அதன் பிறகுதான் உச்சிக்குக் கிளம்புகிற பராஃபு முகாம், 4,670. உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு, கீழே கொண்டுவந்து தூங்கவைப்பது. ஆறு நாள் மச்சாமே என்று விற்பதில் வெட்டுவது அந்தக் கரங்கா இரவைத்தான், அதனால் அதையும் வாங்காதீர்கள்.

இது புதிய ஞானமும் இல்லை. 1887-இல் ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மானியர் இந்த மலையில் ஏறப் பார்த்துத் திரும்பிவிட்டார். 1889-இல் மறுபடி வந்தபோது லுட்விக் புர்ட்செல்லரையும் கூட்டிக்கொண்டு, பல உயரங்களில் முகாம் போட்டு, சாப்பாட்டை மேலே வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் அடிவாரத்திலிருந்து ஆரம்பிக்காமல் மேலேயே இருந்துகொண்டு ஏறினார். உச்சி கிடைத்தது.

விலை வித்தியாசம் ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மலை தேசியப் பூங்கா, தான்சானியாவில் பூங்காக் கட்டணம் நாள் கணக்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 70 டாலர், கூடாரம் அடித்தால் இரவுக்கு ஐம்பது போல, அதற்கு மேல் வரி. இதை எந்தக் கம்பெனியும் குறைத்துக் கொடுக்க முடியாது. அப்புறம் எப்படி ஒருவன் மட்டும் பாதி விலை சொல்கிறான்? நாளை வெட்டுவான், இல்லாவிட்டால் சுமை தூக்குகிறவர்களின் கூலியிலும் சாப்பாட்டிலும் கை வைப்பான். ஒரு சுமையாளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. எடை போடுகிறார்களா, அவர்களுக்கு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்புகிற கம்பெனி உங்கள் ஆக்சிஜன் சிலிண்டர் விஷயத்திலும் மழுப்பும்.

வழிகாட்டி இல்லாமல் கிளிமஞ்சாரோவில் ஏற அனுமதியே கிடையாது. ஆகவே யாரோ ஒருவர் வருவார், கேள்வி எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான். உச்சி இரவில் உங்களில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரோடு ஒரு வழிகாட்டி கீழே இறங்க வேண்டும். ஏழு பேருக்கு இரண்டே வழிகாட்டி என்றால், இரண்டாவது ஆளுக்கு முடியாமல் போகும்போது என்ன செய்வார்கள்? எல்லாரையும் திருப்புவார்கள், அல்லது முடியாதவரை “கொஞ்ச தூரம்தான்” என்று இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. ஏழு பேருக்குத் தலைமை வழிகாட்டியோடு உதவி வழிகாட்டி மூன்று பேராவது இருக்கட்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைக் காலையும் மாலையும் போடுவார்களா, சிலிண்டர் கூடவே வருமா, இரவில் இறக்க ஸ்ட்ரெச்சருக்கு என்ன ஏற்பாடு, இவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போதும் 6,000 மீட்டர் வரை மலையேற்றம் அடக்கம் என்று பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இருக்காது.

நண்பர்களாகப் போகிற குழுவில் எனக்கு இருக்கிற பெரிய கவலை மருந்தோ குளிரோ கிடையாது, வெட்கம்தான். அறிமுகம் இல்லாதவர்களோடு போனால் “எனக்குத் தலை வலிக்கிறது” என்று சொல்லிவிடுவார்கள். இருபது வருஷச் சேக்காளிகள் ஏழு பேர் சேர்ந்து போனால் எவனும் சொல்ல மாட்டான், ஊருக்கு வந்தபிறகு காலமெல்லாம் கிண்டல் பண்ணுவான்கள் என்று பயம். ஆகவே கிளம்புவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி இரண்டு விஷயம் முடிவுசெய்யுங்கள். ஏழு பேரும் உச்சியில் நின்று போட்டோ எடுக்கிற நினைப்பை விட்டுவிடுவது ஒன்று. வழிகாட்டி இறங்கு என்றால் எதிர்ப்பேச்சு இல்லாமல் இறங்குவது இன்னொன்று. தலைவலியோடு குமட்டல், அசதி, கிறுகிறுப்பு இருந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். குடிகாரன் மாதிரி தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, ராத்திரியானாலும் இறக்கிவிட வேண்டும், ஆக்சிஜனும் மருந்தும் இறங்குகிற வழியில்தான்.

நடை வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஆனி மாசம் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் நகருமே, அந்த வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மூச்சு வாங்காமல் பக்கத்து ஆளோடு பேச முடிய வேண்டும். முன்னால் போகிற குழுவைப் பார்த்து முதல் நாளே ரோஷப்படுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவரைக் கடைசி ஆளாக விடுங்கள்.

மாத்திரை விஷயம். அசெட்டசோலமைடு (டயமாக்ஸ் என்று கடையில் கேட்டால் தெரியும்) நான் மேலே சொன்ன அந்தச் சிறுநீரக வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. தடுப்புக்காக என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு முறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போன மாதிரி சுரீர் சுரீர் என்கும், ராத்திரி நாலு தடவை எழுந்து வெளியே போக வேண்டிவரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பிரஷர் மாத்திரை போடும் நண்பர் மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போகட்டும். பீட்டா பிளாக்கர் வகையா, நீர் பிரியவைக்கும் வகையா என்பதைப் பொறுத்து ஆலோசனை மாறும், கட்டுக்குள் இருந்தால், பிரஷர் இருக்கிறது என்பதாலேயே போகக்கூடாது என்று இல்லை. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே இருக்கும்வரை யாருக்குமே வேண்டாம்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். மார்ச் பாதியிலிருந்து மே முடிய அங்கே பெரிய மழைக்காலம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஜூன் முதல் அக்டோபர் வரையும் நல்லது. பிள்ளைகள் லீவுதான் முக்கியம் என்றால் காலாண்டு லீவைப் பாருங்கள்.

தயாரிப்புக்கு வருகிறேன். சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் அது கணக்கில் சேராது. உச்சி நாளில் நள்ளிரவில் கிளம்பி, ஏறி, அன்றைக்கே ம்வேகா முகாம் வரை 3,100 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பலருக்கும் ஏற்றத்தைவிட அந்த இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். அதனால் படி. மைதானத்து கேலரிப் படியோ அடுக்குமாடிப் படியோ, முதுகில் ஆறேழு கிலோ பையோடு வாரம் மூன்று நாள், விடிவதற்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை பண்பொழி திருமலைக் கோவில் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி நாலைந்து சுற்று. மாஞ்சோலை, முண்டந்துறைப் பக்கமெல்லாம் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் பயிற்சி என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்று நான்கு மாதம் இப்படிச் செய்தால் கால் தயார். உயரத்துக்கு உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிளிமஞ்சாரோவுக்கு முந்தின வருஷம் உத்தராகண்டில் கேதார்கண்டா மாதிரி 3,800 மீட்டர் மலை ஒன்று போய்ப் பாருங்கள். அங்கே பழகின உடம்பு சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும், ஆனால் யார் தலைவலியை மறைக்கிறவர் என்று தெரிந்துவிடும்.

உச்சியில் மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போகும், காற்றோடு சேர்ந்தால் இன்னும் மோசம். நெல்லையில் ஸ்வெட்டர் கடை தேட வேண்டாம், கனத்த ஜாக்கெட்டும் தூங்கும் பையும் மலையடிவாரத்து மோஷி ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் இங்கேயே வாங்கி, இரண்டு மாதம் போட்டுப் பழக்கி, விமானத்தில் காலிலேயே போட்டுக்கொண்டு போங்கள், பெட்டி தொலைந்தாலும் பூட்ஸ் இருக்கும். பருத்தி பனியன் ஆகாது, வியர்வையைக் குடித்துவிட்டு நின்றவுடன் நடுங்கவைக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை உச்சி இரவில் உறைந்துவிடும், சாதாரண பாட்டிலை உறை போட்டுத் தலைகீழாகப் பைக்குள் வையுங்கள். உறைவது மேற்பரப்பில்தான், மூடிப் பக்கம் திறக்க வரும். மேலே போகப்போகப் பசி செத்துவிடும், அதனால் வாய்க்குப் பிடித்ததாக ஏதாவது வேண்டும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் சோற்றுக்கு உதவும், அங்கே சோறு போடுவார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் அந்தக் குளிரில் கல்லாகிவிடும், பல் பத்திரம். கருப்பட்டி வாயில் அடக்கிக்கொள்ள வசதி.

போகிற வழியை இப்போதே பாருங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகத்தான் டிக்கெட் மலிவாக வரும், கென்யாவும் எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிற நாடுகள், திரும்பி வரும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லை என்றால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். தெருமுனை ஆஸ்பத்திரியில் போட முடியாது, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையத்தில்தான். அப்புறம், வழிகாட்டிகளுக்குக் கொடுக்க அல்வா வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் டப்பாவில் போடச் சொல்லுங்கள், 2019 முதல் தான்சானியாவுக்குள் பிளாஸ்டிக் கேரி பை கொண்டுபோகத் தடை.